வாலும் இறகும் ஜிகினாவும்: சொந்தமாக ஜிக், ஃப்ளை கட்டத் தொடங்குபவர்களுக்கு

பழவேற்காடு முகத்துவாரத்தில் ஒரு காலை. தூண்டிலில் போலி இரையாக நான் போட்ட ஐந்து ரப்பர் வால்களையும் பேத்தை மீன் கத்தரித்துவிட்டது. கிளி கொய்யாவைக் கடித்த மாதிரி அரைவட்டமாக ஒரு வெட்டு, முடிந்தது கதை. நாலடி தள்ளி நின்றவர் போட்டுக்கொண்டிருந்தது மயிர் கட்டிய 10 கிராம் ஜிக். அதையும் பேத்தை கடிக்கத்தான் செய்தது. நாலு மயிர் போனது, ஜிக் போகவில்லை. அதே ஜிக்கில் அவர் இரண்டு பாறை மீன் எடுத்துவிட்டார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். "வாங்கல சார், கட்டினது. ஆட்டு வாலு" என்றார்.

அப்புறம் எட்டு மாதம் தடுமாறினேன். தேவையில்லாத சாமான்களுக்கு ஏழாயிரம் ரூபாய் போனது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு பார்சல் 23 நாள் நடுவழியில் கிடந்தது. முதல் எட்டு ஜிக்கையும் பிளேடால் சுரண்டி மறுபடி கட்டினேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சென்னைப் பக்கத்துக் கடற்கரை, கழிமுகம் இவற்றை மனதில் வைத்து எழுதியது. விராலுக்கும் ஏரிக்கும் கட்டுகிறவர்கள் அளவை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

இரண்டு சொல்லை மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன். இரண்டும் மீனை ஏமாற்றும் போலி இரைதான். தூண்டில் முள்ளின் தலைமாட்டில் ஈயம் வார்த்திருந்தால் அது ஜிக். ஈயத்தலை இல்லாமல், வெறும் முள்ளின் தண்டில் இறகும் மயிரும் சுற்றிக் கட்டினால் ஃப்ளை. கட்டும் முறை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜிக் எளிது. அதிலிருந்து தொடங்குங்கள்.

1. எந்த மீனுக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாரும் விழும் முதல் குழி இதுதான். வீடியோவில் இருபது வகை பார்த்துவிட்டு இருபதுக்கும் சாமான் வாங்குவது. நானும் வாங்கினேன். அதில் பாதி இன்னும் கவர் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

நம் கரையில் பாறை, சீலா, கொடுவா மூன்றும் துரத்துவது ஏறக்குறைய ஒரே இரையை: நெத்திலி, மடவைக் குஞ்சு. இரண்டும் விரல் நீளம்தான். மேலே கொஞ்சம் இருட்டு, அடியில் வெள்ளை, பக்கவாட்டில் ஒரு மினுக்கு. இதை மட்டும் கட்டக் கற்றுக்கொண்டால் முதல் வருஷம் ஓடிவிடும். எடை கழிமுகத்துக்கு 10 கிராம், காற்றும் அலையும் இருந்தால் 14 கிராம், திறந்த கடற்கரைக்கு 21 கிராம். முதல் டஜன் முழுக்க 10 கிராமாகவே இருக்கட்டும். ஒரே ஜிக்கைப் பன்னிரண்டு முறை கட்டினால்தான் கை படியும். பன்னிரண்டு வகையை ஒவ்வொரு முறை கட்டினால் பன்னிரண்டும் கோணலாக இருக்கும்.

2. கருவிகள்: மூன்றுக்கு மட்டும் காசு விடுங்கள்

வைஸ். முள்ளைக் கவ்விப் பிடிக்கும் கருவி. மேசை ஓரத்தில் திருகி மாட்டும் வகை போதும். நான் வாங்கியது 1,350 ரூபாய். பத்தாயிரத்துக்கும் இருக்கிறது, சுழலும் வகையெல்லாம் இருக்கிறது, இப்போது வேண்டாம். வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான். 2/0 முள்ளை (இந்த எண் கணக்கு அடுத்த பகுதியில்) மாட்டி, தண்டை விரலால் கீழே அழுத்துங்கள். முள் வளைய வேண்டும், தாடையில் வழுக்கக் கூடாது. வழுக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்ப எத்தனை நாள் தருகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். என் முதல் வைஸ் வழுக்கல் என்று தெரிவதற்குள் எனக்குத் தந்த ஏழு நாள் தீர்ந்துபோயிருந்தது.

பாபின் ஹோல்டர். நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குழாய் வழியாக நூலை விடும் கருவி. 220 ரூபாய். மலிவானதில் குழாய் நுனியில் பிசிர் இருக்கும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். நாம் நூலைத் திட்டிக்கொண்டிருப்போம். கொஞ்சம் பஞ்சை எடுத்து நுனியில் தேய்த்துப் பாருங்கள். இழை சிக்கினால் பிசிர் இருக்கிறது. நுனியில் பீங்கான் வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது.

கத்தரி. தையல் சாமான் கடையில் எம்பிராய்டரிக்கென்று விற்கும் கூர்நுனிக் கத்தரி, 160 ரூபாய். நுனி கூராக இருக்க வேண்டும். இதனால் தங்கூசி நரம்பை வெட்டாதீர்கள். வீட்டில் வேறு யார் கண்ணிலும் படாத இடத்தில் வையுங்கள், மசாலா பாக்கெட் வெட்டப் போய்விடும்.

மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. மயிர் சீவப் பேன் சீப்பு. முடிச்சுப் போடும் கருவிக்குப் பதில் ரீஃபிள் எடுத்த பால்பாயின்ட் பேனாவின் குழல். எப்படி என்று பின்னால் சொல்கிறேன். பூச்சுக்கு நிறமில்லாத நெயில் பாலிஷ். வெளிச்சத்துக்குக் கழுத்தை வளைக்கக்கூடிய படிப்பு விளக்கு. அல்ட்ரா வயலெட் விளக்கில் இறுகும் பசை அழகாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டாம் மாதம் வாங்கினால் போதும்.

3. முள்ளும் ஈயத்தலையும்

முள்ளின் எண் புதியவர்களைக் குழப்பும். 10, 8, 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1-க்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என்று எண் ஏற ஏறப் பெரிதாகும். அதாவது 4-ஆம் எண் முள்ளும் 4/0 முள்ளும் ஒன்றல்ல. பாதி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் உள்ள வித்தியாசம். நான் 4/0 என்று நினைத்து 4 எண் முள் நூறு வாங்கியிருக்கிறேன்.

கடலுக்கு எவர்சில்வர் முள், அல்லது தகரப்பூச்சு முள். ஃப்ளை கட்ட மஸ்டாட் 34007 எவர்சில்வர் முள்ளில் 1/0 எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கலாம். ஜிக்குக்கு ஈயத்தலை வார்த்த முள்ளே கடையில் கிடைக்கும், 10 கிராமில் ஒன்று 45 ரூபாய் ஆனது எனக்கு. தலைக்குப் பின்னால் ஈயத்திலேயே ஒரு கழுத்து இருக்கும். ரப்பர் வால் மாட்டும் ஈயத்தலையில் அந்தக் கழுத்தில் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் குறட்டால் நறுக்கிவிட்டுக் கட்டலாம். கொக்கியில்லாமல் வழவழப்பான கழுத்தாகவே கிடைத்தால் அதை எடுங்கள்.

ஈயத்தை நீங்களே உருக்கி வார்க்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். இந்த வருஷம் வேண்டாம். ஈயம் 327 டிகிரியில் உருகும், வீட்டு அடுப்பிலேயே ஆகிற வேலை மாதிரித்தான் தெரியும். ஆனால் அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் அது நொடியில் ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்க வைக்கும். புகையும் தூசியும் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகவே ஆகாது. வாங்கிய தலையைத் தொட்டாலும் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், பல்லால் கடித்து எதையும் இறுக்காதீர்கள்.

கட்டுவதற்கு முன் முள்ளின் எதிர்முள்ளை, அதாவது நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி முள்ளை, குறட்டால் அமுக்கிவிடுங்கள். கட்டும் மேசையில்தான் முள் அதிகம் குத்தும், கடற்கரையில் அல்ல. எனக்கு இடது ஆட்காட்டி விரலில் ஏறி, மருத்துவமனை வரிசையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, டி.டி. ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். எதிர்முள்ளை அமுக்கியிருந்தால் வீட்டிலேயே உருவியிருக்கலாம்.

4. கட்டும் பொருள்: கறிக்கடை, தையல் கடை, பூஜைச் சாமான் கடை

ஆட்டு வால். வெளிநாட்டுக்காரர்கள் வெள்ளைவால் மானின் வாலைத்தான் இதற்கு எடுப்பார்கள். நமக்கு வெள்ளாட்டு வால் போதும். கறிக்கடையில் தொங்கும் ஆட்டுக்கு உடம்பெல்லாம் உரித்திருந்தாலும் வால் நுனியில் மட்டும் மயிரை விட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அது வெள்ளாடுதான் என்று வாடிக்கையாளருக்குக் காட்ட என்பார் எங்கள் தெருக் கறிக்கடை பாய். அவரிடம் கேட்டபோது, "என்ன சார், சூப்புக்கா?" என்றார். மீன் பிடிக்க என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் பார்த்தார். "ஆட்டைப் போட்டு மீனா?" இப்போது வெள்ளை வால் வந்தால் எனக்கென்று தனியே எடுத்து வைக்கிறார். ஐந்து வாலுக்கு 50 ரூபாய் கொடுக்கிறேன், அவர் வேண்டாம் என்றாலும். ஓசியில் வாங்கினால் நாலாவது முறை கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும்.

வாலைப் பதப்படுத்த அடிப்பக்கத்தில் நீளமாகக் கீறி எலும்பையும் கொழுப்பையும் முழுக்க எடுத்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தில் அலசி, தோலின் உள்பக்கம் கல்லுப்பும் வெண்காரமும் அப்பி, அட்டையில் விரித்துக் குண்டூசி குத்தி நிழலில் காயவையுங்கள். பத்து நாள். வெயிலில் வைத்தால் மயிர் முறுக்கிக்கொள்ளும், மாடியில் வைத்தால் காக்கை தூக்கிவிடும். காய்ந்ததும் பையில் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்தால் பூச்சி சாகும். வீட்டில் சொல்லிவிட்டு வையுங்கள். நான் சொல்லவில்லை. ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கொஞ்சம் கொழுப்பு மிஞ்சினாலும் நாலு வாரத்தில் நாறும். இதில் மட்டும் சோம்பல்பட வேண்டாம்.

வாலில் மயிர் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் வரும். நீளம் வேண்டுமென்றால் ஜமுனாபாரி வளர்ப்பவர் யாராவது தெரியுமா என்று விசாரியுங்கள். அந்த இனத்துக்குப் பின்தொடையில் மயிர் நீளமாகத் தொங்கும். கத்தரியால் ஒரு பிடி வெட்டிக்கொண்டு வரலாம், ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது.

சேவல் இறகு. பிராய்லர் கோழி இறகு உதவாது. ஆறேழு வாரத்தில் வெட்டப்படும் குஞ்சு அது, இறகு முற்றியிருக்காது. நாட்டுச் சேவலின் கழுத்து இறகும் வாலுக்கு முன்னால் முதுகின் இருபுறமும் தொங்கும் நீள இறகும்தான் வேண்டும். வெந்நீரில் முக்குவதற்கு முன் பிடுங்கித் தரச் சொல்லுங்கள். பழைய வலைப்பையில் போட்டுச் சோப்புத் தண்ணீரில் அலசி உலர்த்தினால் போதும்.

ஜிகினா. மினுக்குக்கு இறக்குமதி இழை ஒரு பாக்கெட் 250 ரூபாய் சொல்வார்கள். பூஜைச் சாமான் கடையில் சாமி அலங்காரத்துக்கு விற்கும் பிளாஸ்டிக் ஜிகினாச் சரம் 30 ரூபாய். அதில் மெல்லியதாகப் பார்த்து எடுங்கள். பழைய பட்டுப்புடவை ஜரிகையை உருவலாம் என்று தோன்றும். செம்பும் வெள்ளியும் கலந்த ஜரிகை உப்புத் தண்ணீரில் இரண்டு நாளில் கறுத்துவிடும். புடவையும் போய்விடும்.

நூல். தையல் கடையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்குப் போடும் பாலியஸ்டர் நூல், 120 டெனியர். ஒரு கண்டு 40 ரூபாய், இரண்டு வருஷம் வரும். ரேயான் நூலும் அதே பளபளப்பில் இருக்கும், ஈரத்தில் அறுந்துவிடும், கேட்டு வாங்குங்கள். பருத்தி நூல் வேண்டவே வேண்டாம்.

நிறம். வெள்ளை மயிரை மஞ்சளாக்கக் கேசரிப் பவுடர் போதும். சூடான தண்ணீரில் பவுடரும் இரண்டு மேசைக்கரண்டி வினிகரும் கலந்து, கொதிக்க விடாமல் இருபது நிமிஷம் ஊறவைத்தால் சாயம் ஏறும். மேல்பக்கத்து இருட்டுக்கு அழியாத மார்க்கர் பேனா இருக்கிறது.

5. எதைத் தொடக்கூடாது: சட்டம், சுங்கம், ரசீது

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்துக் கட்டத் தொடங்கினால் மயில், மான், காட்டுக்கோழி என்று வரும். அங்கே அவை கடைச்சரக்கு. இங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்தில் மெழுகுப் பொட்டு வைத்த மாதிரி ஓர் இறகு உண்டு. உலகம் முழுக்க ஃப்ளை கட்டுகிறவர்கள் அதற்கு ஏங்குவார்கள். அந்தப் பறவை நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது, பாதுகாக்கப்பட்டது. எஸ்டேட் பக்கம் யாராவது "காட்டுக்கோழி இறகு இருக்கு சார்" என்றால் தொடாதீர்கள். புள்ளிமான், கடமான் மயிரும் அப்படியே. கீரி மயிர் பழைய ஓவியத் தூரிகைகளில் இருக்கும், அதுவும் கூடாது.

மயில் தோகை மட்டும் கொஞ்சம் வேறு. உதிர்ந்த வால் தோகையை உள்நாட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் விலக்குத் தருகிறது. அதன் பச்சை இழை முள்ளில் சுற்ற அருமையாக இருக்கும். ஆனால் நாட்டைவிட்டு வெளியே அனுப்பத் தடை. டொராண்டோவில் இருக்கும் நண்பர், "நாலு தோகை போட்டு அனுப்புடா, இங்கே காசு ஜாஸ்தி" என்பார். அனுப்பாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் கூரியர்காரர்கள் அடையாள ஆவணம் கேட்பார்கள். ஆதார் நகல், பணம் கட்டிய ரசீது, பொருள் விவரமும் விலையும் உள்ள விலைப்பட்டியல், இந்த மூன்றையும் ஒரே கோப்பாக வைத்திருங்கள். என் பார்சல் 23 நாள் கிடந்ததற்குக் காரணம், முள்ளோடு சேர்த்து ஒரு மான் வாலும் ஆர்டர் செய்தது. விலங்குப் பொருள் என்றதும் கேள்வி மேல் கேள்வி. கடைசியில் வாலை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் முள்ளை வாங்கினேன். வரியும் கையாளும் கட்டணமும் சேர்ந்து முள்ளின் விலையில் பாதிக்கு வந்தது. இறகு, மயிர் எதையும் வரவழைக்காதீர்கள். கருவியும் முள்ளும் உள்ளூரில் கிடைக்காவிட்டால் மட்டும் யோசியுங்கள்.

ஏரி, அணைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல நீர்நிலைகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைதாரரையோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்தையோ கேட்காமல் தூண்டில் போட்டால் ராடு போய்விடும். நீலகிரியில் ட்ரௌட் மீனுக்குப் போக ஆசைப்பட்டால் அனுமதி வாங்காமல் மலையேறாதீர்கள். ஓடைகள் பெரும்பாலும் வனத்துக்குள்தான்.

6. முதல் ஜிக்கைக் கட்டுவது

முதல் நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எனக்கு முதல் ஜிக் ஐம்பது நிமிஷம், பன்னிரண்டாவது பன்னிரண்டு நிமிஷம்.

முள்ளின் வளைவை வைஸ் தாடையில் கவ்வ வையுங்கள். வலதுகைக்காரர்களுக்கு ஈயத்தலை வலப்பக்கம். முள்ளின் கூர்நுனி தாடைக்குள் மறையட்டும், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நூல் அதில் உரசி அறும்.

ஈயக் கழுத்தில் நூலை அதன்மேலேயே ஆறு சுற்றுச் சுற்றி இறுக்கி, மிஞ்சும் நூல் நுனியை வெட்டுங்கள். பிறகு கழுத்து முழுக்க நூலால் மூடுங்கள். வெறும் ஈயத்தின் மேல் மயிர் வழுக்கும், நூலின் மேல் நிற்கும். பாபினைக் கையை விட்டுத் தொங்கவிடலாம், அதன் எடையே நூலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது மயிர். இங்கேதான் எல்லாரும் தவறுவது. ஒரு கொத்து என்றால் தீக்குச்சி கனம். அதற்கு மேல் இல்லை. தோலை ஒட்டி வெட்டி, நுனியைப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்தைப் பேன் சீப்பால் நாலு முறை சீவுங்கள். பஞ்சு மாதிரி ஒரு குட்டை மயிர் கழன்று வரும். அதை எடுக்காவிட்டால் கட்டு பருத்துவிடும், வழுக்கவும் வழுக்கும்.

கொத்தைக் கழுத்தின் மேல் வைத்து, மயிர் நுனி முள் வளைவைத் தாண்டி ஒரு தண்டு நீளம் போகிற மாதிரி பாருங்கள். இடது கையின் இரு விரலால் கொத்தையும் கழுத்தையும் சேர்த்துக் கிள்ளிப் பிடியுங்கள். நூலை அந்த விரல்களுக்கு இடையே மேலே கொண்டுபோய், தளர்வாக ஒரு சுற்று. இன்னொரு தளர்ந்த சுற்று. விரலை எடுக்காமல், நூலை நேராக உங்களை நோக்கி இழுங்கள். முதல் சுற்றையே இறுக்கினால் நூல் போகும் பக்கமெல்லாம் மயிரும் கூடவே ஓடிக் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். தளர்வாக இரண்டு, பிறகு இழுப்பு. இந்த ஓர் அசைவு பிடிபட எனக்கு மூன்று ராத்திரி ஆனது. யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பழகுங்கள், வாயில் வருவது நல்ல வார்த்தையாக இருக்காது.

இறுக்கமாக ஐந்து சுற்று. ஒரு சொட்டு உடனடிப் பசை. மான் மயிர் அடியில் உள்ளீடற்றது, நூல் அமுக்கும், பிடித்துக்கொள்ளும். ஆட்டு மயிர் அப்படியல்ல, கட்டியானது. பசை இல்லாவிட்டால் பத்து வீச்சில் உருவிக்கொண்டு வந்துவிடும். பக்கத்தில் அடுத்த கொத்து. இப்படி நாலு கொத்து, கழுத்தைச் சுற்றிலும். பக்கத்துக்கு இரண்டு இழை ஜிகினா, மயிரைவிட ஒரு விரற்கடை நீளமாக. நீட்டிக்கொண்டிருக்கும் அடிமயிரைக் கத்தரியைச் சாய்த்து வெட்டி, அதை மூடி நூலைச் சுற்றுங்கள்.

முடிச்சு: பேனாக் குழலின் மேல் நூலால் ஒரு வளையம் போட்டு, குழல் நுனியை ஜிக்கின் தலைக்கு முன்னால் வைத்து, வளையத்தைத் தள்ளிக் கழுத்தில் இறக்கி இழுங்கள். தலை பெரிதென்றால் குழல் நுழையாது. அப்போது இரு விரலில் வளையம் போட்டு மாட்டலாம். ஐந்து முறை. நூலை வெட்டி, நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு. ஒரு ராத்திரி காயட்டும்.

கட்டி முடித்ததும் மெலிந்து கிடக்கிறதே, இன்னும் இரண்டு கொத்து வைத்தால் என்ன என்று தோன்றும். வைக்காதீர்கள். விளக்குமாறு மாதிரி தடித்த ஜிக் தண்ணீரில் இறங்காது, வீசினால் காற்றில் நிற்கும். மயிருக்கு ஊடாக வெளிச்சம் தெரிய வேண்டும்.

7. வாளிச் சோதனை

கரைக்குப் போகும் முன் வாளித் தண்ணீரில் போட்டு நரம்பால் இழுத்துப் பாருங்கள். நனைந்ததும் மயிர் ஒடுங்கி மீன் வடிவத்துக்கு வர வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தால் அந்தப் பக்கம் மயிர் அதிகம். நாலைந்து இழை வெட்டுங்கள். முள் நுனி மேலே பார்த்தபடி வர வேண்டும். பிறகு மயிரை விரலால் பிடித்து உறுதியாக இழுங்கள். கையோடு வந்தால் இங்கேயே வரட்டும். பிளேடால் சுரண்டி மறுபடி கட்டலாம், ஈயத்தலை வீணாகாது.

8. இரண்டாவதாக ஒரு ஃப்ளை

பன்னிரண்டு ஜிக் ஆனதும் கிளவுசர் மினோ கட்டுங்கள். ஃப்ளை ராடு இல்லையே என்று யோசிக்க வேண்டாம். உங்கள் சாதாரண ராடிலேயே, உலோக ஜிக்குக்கு (மயிர் இல்லாமல் முழுக்க உலோகத்தாலான மீன் வடிவ இரை) 40 சென்டிமீட்டர் மேலே, லீடரில், அதாவது நரம்பின் நுனியில் கட்டும் தனித் துண்டில், ஒரு கிளை முடிச்சுப் போட்டு இதை மாட்டலாம். பெரிய மீன் ஒரு குஞ்சைத் துரத்துகிற மாதிரி இருக்கும். பல நேரம் பாறை அடிப்பது மேலே இருக்கும் ஃப்ளையைத்தான்.

1/0 முள்ளின் தண்டில், நரம்பைக் கோக்கும் காதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கண்கள் வைக்க வேண்டும். கடையில் விற்கும் உலோகக் கண்ணுக்குப் பதில், ஜன்னல் திரையை இழுக்கும் எவர்சில்வர் மணிச் சங்கிலியை ஹார்டுவேர் கடையில் ஓரடி வாங்கி, இரண்டிரண்டு மணியாக நறுக்குங்கள். தண்டின் மேல்பக்கம் குறுக்காக வைத்து எட்டு வடிவில் நூலைப் பத்துப் பதினைந்து முறை சுற்றி, பசை விடுங்கள். மேலே எடை இருப்பதால் தண்ணீரில் முள் தலைகீழாகத் திரும்பும், பாசியில் அதிகம் சிக்காது. கண் இருக்கும் பக்கம் வெள்ளை மயிர். முள்ளைத் திருப்பி மாட்டி, மறுபக்கம் ஜிகினா நாலு இழை, அதன்மேல் இருட்டு நிற மயிர். இரண்டும் அரைத் தீக்குச்சிக் கனம்தான்.

இதில் உள்ள குழி, முள்ளின் காது வரை கட்டிக்கொண்டு போவது. கட்டும்போது தெரியாது. கரையில் இருட்டில் நரம்பைக் கோக்கப் போனால் காதில் நெயில் பாலிஷ் அடைத்துக்கொண்டு நிற்கும். காதுக்குப் பின்னால் 2 மில்லிமீட்டர் வெறும் தண்டு தெரியட்டும். பூச்சு காய்வதற்குள் ஊசியால் காதைக் குத்திவிடுங்கள்.

9. செலவும் காலமும்

என் கணக்கில், வீணடித்ததைக் கழித்துவிட்டால்: வைஸ், பாபின் ஹோல்டர், கத்தரி மூன்றும் 1,730. பன்னிரண்டு ஈயத்தலை 540. வால், நூல், ஜிகினா, நெயில் பாலிஷ் சேர்த்து 180. ஆக 2,450 ரூபாய். கட்டிய ஒரு ஜிக்கின் அடக்கம் 60 ரூபாய். கடையில் அதே மாதிரி ஒன்று 220-க்கு வாங்கிக்கொண்டிருந்தேன். பதினோரு ஜிக்கில் கருவிக் காசு திரும்பிவிடும் என்று வீட்டில் சொல்லலாம். நான் சொன்னேன். பன்னிரண்டாவது ஜிக் முடிவதற்குள் இன்னொரு நிற மார்க்கர், இன்னொரு முள் பாக்கெட் என்று போய்விட்டது. மிச்சம் பிடிக்க இதில் இறங்காதீர்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, வால் பதமாகப் பத்து நாள், ஃப்ரீசரில் மூன்று நாள். அதற்குள் கருவிகள் வந்துசேரும். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அடுத்த இரண்டு வாரத்தில் ஒரு டஜன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கலங்கல் தண்ணீராகிக் கரைக்குப் போக முடியாத ராத்திரிகள் இதற்கென்றே இருக்கின்றன. புரட்டாசியிலேயே வாலைக் காயவைத்துவிடுங்கள், மழை பிடித்துவிட்டால் காயாது. புரட்டாசியில் கறிக்கடையில் கூட்டமும் குறைவு, பாய் சாவகாசமாகப் பேசுவார்.

10. கரையிலிருந்து திரும்பியதும்

நல்ல தண்ணீரில் அலசி, இரவு முழுக்கக் காற்றாட விட்டுத்தான் டப்பாவை மூட வேண்டும். ஈரமாக ஒன்று உள்ளே போனாலும் துரு எல்லா முள்ளுக்கும் பரவும். சீலா பிடித்த ஜிக்கில் கழுத்து நூலைப் பாருங்கள். பல் பட்டிருந்தால் பூச்சைச் சுரண்டிப் புதிதாக ஒரு முடிச்சும் பூச்சும் போடுங்கள். மிஞ்சிய வாலும் இறகும் இறுக்கமாக மூடும் டப்பாவில், இரண்டு அந்துருண்டையோடு. அந்துருண்டை மணம் மயிரில் ஏறி மீன் ஓடிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கட்டுவதற்கு முதல் நாள் எடுத்து ஜன்னலில் தொங்கவிடுங்கள், போய்விடும். எங்கள் வீட்டு ஜன்னலில் இப்போது ஐந்து வெள்ளை வால் தொங்குகிறது. கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார், என்ன சார் வேண்டுதலா என்று.